எல்லைப் பக்கத்து மாணவரின் பணக்கணக்கு

கல்லூரி மாணவர் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே மாநிலத்தில் பிறந்து, படித்து, வேலைக்குப் போகிறவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள கோபாலபுரத்துப் பிள்ளைகளுக்கு அது போதாது. பொள்ளாச்சி–பாலக்காடு சாலையில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு, தாண்டாவிட்டால் கேரளம். ரேஷன் அட்டை ஒரு பக்கம், கல்லூரி இன்னொரு பக்கம், அப்பா வேலை பார்க்கும் தென்னந்தோப்பு வேறொரு பக்கம் என்று ஒரே வீட்டுக் கணக்கு இரண்டு மாநிலங்களில் கிடக்கும். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கத்திலும், இடுக்கியில் மூணாறு, மறையூர் பக்கத்திலும் இதே நிலைதான். ஆகவே இந்த அத்தியாயம் சிக்கனத்தில் தொடங்கவில்லை. உங்களுக்கு வரவேண்டிய பணம் எந்த மாநிலத்திலிருந்து வரும் என்பதில் தொடங்குகிறது. எல்லைப் பக்கத்து மாணவர்கள் டீக்கும் பஜ்ஜிக்கும் செலவழித்து இழப்பதைவிட, விண்ணப்பிக்காமலும் தவறான பக்கத்தில் விண்ணப்பித்தும் இழப்பது பல மடங்கு அதிகம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்குப் போடுங்கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. எல்லையின் மறுபுறம் பொள்ளாச்சியில் 1957 முதல் நடக்கும் நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி. பஸ் தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம். பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு.

தமிழ்நாட்டில் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல் நடக்கிறது. அங்கே அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குக் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய். ஆண் மாணவர்களுக்கு அதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கினார்கள். மூன்று வருடப் படிப்புக்கு இது 36,000 ரூபாய். ஆனால் இரண்டு திட்டங்களிலும் பள்ளிப் படிப்பு தமிழ்நாட்டில் முடிந்திருக்க வேண்டும். கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலேயே படித்திருந்தாலும், பொள்ளாச்சிக் கல்லூரியில் சேர்ந்தாலும் இந்தப் பணம் கிடைக்காது. "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வருதே" என்று நம்பி இதைக் கணக்கில் எழுதிவிட்டு, முதல் செமஸ்டரில் திண்டாடும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெண் ஆனைமலைப் பக்கத்துப் பள்ளியில் படித்தவளாக இருப்பாள்.

கேரளத்தில் படித்தால் வரக்கூடியவை வேறு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பினருக்கான உதவி இ-கிராண்ட்ஸ் தளம் வழியாக வரும். மதிப்பெண் நல்லபடியாக இருந்தால் கேரள உயர்கல்வி மன்றத்தின் உதவித்தொகை உண்டு. இளநிலைப் படிப்பில் முதல் ஆண்டு 12,000, இரண்டாம் ஆண்டு 18,000, மூன்றாம் ஆண்டு 24,000 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 54,000.

எந்தப் பக்கம் படித்தாலும் செல்லுபடியாவது, கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை. ஆண்டுக்கு 82,000 பேருக்குக் கொடுக்கிறார்கள், பாதி மாணவிகளுக்கு. இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000, முதுநிலைக்கு 20,000. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் வாரியத்தில் தேறியவர்களில் மேலே இருக்கும் இருபது சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். நீங்கள் எந்த வாரியத்தில் தேறினீர்களோ அதன் ஒதுக்கீட்டில்தான் போட்டியிடுகிறீர்கள் என்பதால், கேரள பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொள்ளாச்சியில் படிப்பவர் கேரளக் கணக்கிலேயே வருவார். அடுத்த ஆண்டு புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். தோப்பு வேலைக்கும் கல்யாண வீட்டுக்கும் லீவு போடுகிறவர்கள் இந்த 75ஐ மறக்கக் கூடாது.

இன்னொன்று. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலையிலிருந்து நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம், ஆனர்ஸ் வேண்டுமென்றால் நான்காம் ஆண்டும் படிக்க வேண்டும். பொள்ளாச்சியில் மூன்று ஆண்டுதான். நான்காம் ஆண்டுக்கான ஃபீஸ், பஸ், சாப்பாடு, அந்த ஒரு வருடச் சம்பளம் கைக்கு வராமல் போவது, இவை எல்லாம் சேர்ந்துதான் அதன் விலை. முதுநிலையும் ஆராய்ச்சியும் நோக்கமென்றால் அந்த விலை தகும். "எல்லோரும் படிக்கிறார்கள்" என்பதற்காகப் போடாதீர்கள்.

பஸ் செலவும் எல்லையில் மாறும். கேரளத்தில் மாணவர் கன்செஷனில் குறைந்தபட்சக் கட்டணம் 1 ரூபாய், மற்றவர்களுக்கு 10. அந்த அட்டை தமிழ்நாட்டு பஸ்ஸில் செல்லாது. அதே சமயம் 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மாணவி எந்த மாநிலத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. எந்த பஸ்ஸில் எதுவரை போய் எங்கே மாறுவது என்று முதல் வாரமே பார்த்து வையுங்கள். தினமும் 20 ரூபாய் மிச்சமானால் இருநூறு கல்லூரி நாட்களுக்கு 4,000 ரூபாய்.

சான்றிதழ் இல்லாவிட்டால் ஸ்காலர்ஷிப் இல்லை

தமிழ்நாட்டில் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ். கேரளத்தில் அக்ஷயா சென்டரில் பதிந்தால் வில்லேஜ் ஆபீசர் கொடுப்பார். இது அலைச்சல்தான், ஆனால் முடியக்கூடியது. சாதிச் சான்றுதான் எல்லையில் கடினம். ஒரு மாநிலத்தில் பட்டியல் இனமாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லிவிட்டது. கல்யாணம், வேலை என்று எல்லை தாண்டி வந்த குடும்பங்களில் பிள்ளைகள் இதில் மாட்டுகிறார்கள். இடுக்கித் தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். மூன்று, நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பத்திடம் 1950க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாழ்ந்தவருக்குப் பட்டா எங்கிருந்து வரும்? இது அநியாயம். பல ஆண்டுகளாகத் தொடரும் அநியாயம்.

ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். தாத்தா, பாட்டியின் எஸ்டேட் வேலைப் பதிவு, பி.எஃப். தாள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல், பழைய ரேஷன் அட்டை என்று வீட்டுப் பெட்டியில் இருப்பதையெல்லாம் பிளஸ் ஒன் படிக்கும்போதே தேடி எடுங்கள். கல்லூரி சேர்க்கை நடக்கும் ஜூனில் தேடினால் கிடைக்காது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதவும் தயங்காதீர்கள். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் வாழும் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினால் இந்தச் சட்டத்தின் பெயரை மரியாதையாகச் சொல்லுங்கள்.

பணம் வரும் வங்கிக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. அரசு உதவித்தொகை கணக்கு எண்ணைப் பார்த்து வருவதைவிட, ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கியைப் பார்த்து வருவதே அதிகம். சித்தூரில் ஒரு கணக்கு இருக்க, பொள்ளாச்சியில் கல்லூரி சொன்னது என்று இன்னொன்று திறந்து அதிலும் ஆதாரை இணைத்தால், பணம் புதுக் கணக்குக்குப் போய்விடும். "ஸ்காலர்ஷிப் வரவே இல்லை" என்று புலம்பியவர்கள் சிலருக்கு, அவர்கள் மறந்துபோன கணக்கில் பணம் கிடந்திருக்கிறது. ஒரே கணக்கை உதவித்தொகைக்கு என்று வைத்துக்கொண்டு, செலவுக்கான யுபிஐயை வேறொரு கணக்கில் வையுங்கள். மினிமம் பேலன்ஸ் இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், எல்லா வங்கியும் அதைத் தர வேண்டும்.

மாதச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு மாத பட்ஜெட் எதற்கு?

பட்ஜெட் என்றால் முதல் தேதி வருமானம், முப்பதாம் தேதி வரை செலவு என்று பாடம் நடத்துவார்கள். கோபாலபுரம் பக்கத்தில் எத்தனை வீட்டில் முதல் தேதி சம்பளம் வருகிறது? இங்கே வருமானம் பால், தேங்காய், கூலி. ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி.

அம்மாவின் பால் சொசைட்டி பாஸ்புக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காலை, மாலை என்று இரண்டு கட்டம். லிட்டர், கொழுப்பு, மற்ற சத்து, விலை. கீழே தீவனத்துக்குப் பிடித்தது, முன்பணத்துக்குப் பிடித்தது, கடைசியில் கைக்கு வந்தது. மாடு சினையாகிப் பால் வற்றும் மாதங்களில் அந்தக் கடைசி எண் எப்படிச் சரிகிறது என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரியும். தேங்காய் ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு. வேர் வாடல் நோயும் வெள்ளை ஈயும் வந்த பிறகு அந்த வெட்டிலும் காய் குறைந்திருக்கிறது. தோட்டத்து வீடுகளில் மட்டும்தான் மாதச் சம்பளம், அதுவும் பறிக்கிற இலையைப் பொறுத்துக் கூடும் குறையும்.

ஆகவே உங்கள் கணக்கு காலண்டரைப் பின்பற்ற வேண்டியதில்லை, வீட்டுக்குப் பணம் வரும் நாட்களைப் பின்பற்றட்டும். ஒரு நோட்டில் வருடத்தை வரைந்துகொள்ளுங்கள். ஃபீஸ் கட்டும் மாதங்கள், பரீட்சைக் கட்டணம், ஓணம், தீபாவளி, பொங்கல், மாடு வற்றும் காலம், தேங்காய் வெட்டு. எந்த மாதத்தில் ஃபீஸும் வறட்சியும் ஒன்றாக வருகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டால், மூன்று மாதம் முன்பே அதற்கு எடுத்து வைக்கலாம். பெரும்பாலான வீடுகளில் கடன் பிறப்பது இந்த ஒரு மாதத்தில்தான்.

உதாரணத்துக்கு, வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகும் ஒருவருக்கு வாரம் 500 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு 120, மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து, டீயும் கடியும் 100, போன் ரீசார்ஜுக்கு வாரப் பங்கு 75, ஜெராக்ஸும் நோட்டும் 50. மீதி 155. அதில் 100ஐ வாரத்தின் முதல் நாளே எடுத்து வைக்க வேண்டும். சனிக்கிழமை மிச்சத்தை வைக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது. யுபிஐயில் 10, 20 என்று போகும் பணம்தான் கணக்கில் தப்புவது. வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். அது போதும், ஆப் எதுவும் வேண்டியதில்லை.

எடுத்து வைத்ததை எங்கே போடுவது? தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், வட்டி 6.7 சதவீதம். மாதம் 500 வீதம் ஐந்து ஆண்டு போட்டால் 30,000 ரூபாய், சுமார் 35,680 ஆகித் திரும்பும். ஆனால் மூன்று ஆண்டில் முறித்தால் சாதா சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான். படிக்கும் காலத்துக்கு, ஃபீஸ் மாதத்தில் முதிர்கிற மாதிரி ஓராண்டு வங்கி ஆர்.டி.யே நல்லது என்பது என் கருத்து.

ஊர்ச் சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் வட்டி கொஞ்சம் கூடத் தருவார்கள், ஆட்களும் தெரிந்தவர்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற வங்கியில் 5 லட்சம் வரை இருக்கும் வைப்பு காப்பீடு, இந்தத் தொடக்கநிலைச் சங்கங்களுக்குக் கிடையாது. கேரள அரசின் வைப்பு உத்தரவாத நிதி தனியாக உண்டு. 2021இல் திருச்சூர் மாவட்டம் கருவன்னூர் சங்கத்தின் முறைகேடு வெளியே வந்தபோது, ஆயுள் சேமிப்பைப் போட்டவர்கள் மருத்துவச் செலவுக்குக்கூட எடுக்க முடியாமல் தவித்தார்கள். ஃபீஸ் பணத்தை மட்டுமாவது வேறு இடத்தில் வையுங்கள். குறி, அதாவது சீட்டு, சேர்வதென்றால் பதிவு செய்த குறியில் சேருங்கள். 1969 முதல் மாநில அரசு நடத்தும் கே.எஸ்.எஃப்.இ. இருக்கிறது. பதிவில்லாத தெருக்குறியில் நடத்துபவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை.

லாட்டரி

எல்லைக் கடைகளைப் பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. கேரள அரசு லாட்டரி 1967இல் தொடங்கியது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. அன்றிலிருந்து சாவடிக்கு இந்தப் பக்கம் டிக்கெட் கடைகள் பெருகின, பொள்ளாச்சி, உடுமலையிலிருந்து வந்து வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி, வாளையாறில் விற்ற டிக்கெட்டுக்கு, தமிழ்நாட்டிலிருந்து வந்து வாங்கியவர்களுக்கு விழுந்தது. அந்தக் கதையைச் சொல்லாத கடைக்காரர் இல்லை.

அதே கதையின் மறுபாதியையும் பாருங்கள். 2025 ஓணம் பம்பரில் 75 லட்சம் டிக்கெட், ஒரு டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு ஒன்றே ஒன்று. தினசரி டிக்கெட் இப்போது 50 ரூபாய். வாரம் இரண்டு வாங்கினால் ஆண்டுக்கு 5,200, மூன்று ஆண்டில் 15,600. மேலே சொன்ன மாணவர் வாரம் 100 எடுத்து வைத்தாரே, அதே தொகைதான் இது. லாட்டரி சட்டபூர்வமானது, ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கும் அதன் வருமானம் போயிருக்கிறது, விற்பவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர். இவையெல்லாம் உண்மை. படிக்கும் பிள்ளை வாங்கக் கூடாது என்பதும் உண்மை.

இதைவிடக் கெட்டது மூணு நம்பர் ஆட்டம். கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்து வாட்ஸ்அப்பில் நடக்கும் சூதாட்டம் இது. இரண்டு மாநிலத்திலும் சட்டவிரோதம். எண் எழுதி வாங்க, கமிஷனுக்கு என்று மாணவர்களைப் பிடிக்கிறார்கள். மாட்டினால் வழக்கு உங்கள் பெயரில், அரசு வேலைக்கான போலீஸ் விசாரணையில் அது நிற்கும். ஆன்லைன் ரம்மி போன்ற பணம் கட்டும் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. வேறு பெயரில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள்.

கடன் வாங்கும்போது வருட வட்டியைக் கேளுங்கள்

ஊரில் "ரெண்டு வட்டி", "அஞ்சு வட்டி" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு, ஐந்து. ரெண்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், அஞ்சு வட்டி 60, பத்து வட்டி 120. வங்கியில் நகையை அடகு வைத்தால் ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தில் கிடைக்கும். நகைக்கடன் கம்பெனிகளில் கடை பக்கத்தில் இருக்கும், பணம் பத்து நிமிடத்தில் வரும், ஆனால் சில திட்டங்களில் வட்டி 20ஐத் தாண்டும். ஃபீஸுக்கு அம்மாவின் செயின் அடகுக்குப் போவது இங்கே சாதாரணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீட்கும் தேதியை அந்த வருட நோட்டில் நீங்களே எழுதி வையுங்கள், வட்டியை அவ்வப்போது கட்டி வையுங்கள். ஏலத்துக்குப் போவது பெரும்பாலும் தேதி மறந்த நகை.

கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் தர வேண்டியது. தொழிற்படிப்பாகவும் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ளும் இருந்தால், படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. பி.ஏ.வுக்கு அது பொருந்தாது. நர்சிங் படிக்க வைக்கிறோம் என்று ஏஜென்ட் வீட்டுக்கு வந்தால், கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, இது மேனேஜ்மென்ட் கோட்டாவா என்று முதலில் கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராதவரை ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

போனில் வரும் உடனடிக் கடன் ஆப்கள் காண்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். முறையான கடன் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், மொத்த வட்டியும் கட்டணமும் எழுதிய ஒரு தாளையும் தருவார்கள். 2022இலிருந்து ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி இது.

கடைசியாக, மாணவர்களைக் குறிவைத்து வரும் ஒரு பேரம். "உன் கணக்கை ஒரு மாசத்துக்குக் கொடு, ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, அஞ்சாயிரம் தர்றேன்." கேட்கிறவர் பெரும்பாலும் தெரிந்த சீனியர்தான். அந்தக் கணக்கில் வந்து போவது எங்கோ ஒரு ஓய்வூதியரிடம் ஏமாற்றிய பணம். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரை. கணக்கு முடங்கும், ஸ்காலர்ஷிப்பும் அதோடு முடங்கும், வழக்கு வேறு மாநிலத்தில்கூட நடக்கலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பயந்து ஒளியாமல் இன்றே வங்கியில் எழுத்தில் சொல்லி கார்டை முடக்குங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். உங்கள் பணமே பறிபோனால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்த வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

இந்த அத்தியாயத்தில் நீங்கள் செய்ய வேண்டியவற்றில் தேதி தவறினால் திரும்பக் கிடைக்காதது வருமானச் சான்றும் உதவித்தொகை விண்ணப்பமும் மட்டுமே. மற்றவற்றை அடுத்த வாரம் தொடங்கலாம். அக்ஷயாவுக்கோ இ-சேவைக்கோ நாளைக் காலையே போய் வாருங்கள்.